எர்சிலியாவை நோக்கி நகர்ந்த குண்டு

பொர்தோலோ கவாடினி சுட்ட ஈயக் குண்டு அவன் மனைவி எர்சிலியாவைப் போய்ச் சேர ஒன்பது வருடம் ஆயிற்று. இத்தாலியின் வால் த்ரோம்பியாப் பள்ளத்தாக்கில் துப்பாக்கி வேலை தெரியாத குடும்பம் குறைவு. பொர்தோலோ செய்தவை ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பிரபுக்களின் கைத்துப்பாக்கிகளின் நகல்கள். சாவியால் முறுக்கிவிட்டால் சின்ன எஃகுச் சக்கரம் கல்லில் உரசிப் பொறி விடும். வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு அவை பழசாகவும் தெரிய வேண்டும். மற்றவர்கள் வினிகரும் உப்பும் தடவுவதோடு விட்டுவிடுவார்கள். இவன் ஒரு துப்பாக்கியைக் குளிர்காலம் முழுக்கக் குதிரைச் சாணத்தில் புதைத்துவைத்தான். எடுத்தபோது அது நிஜமாகவே கிழடாகியிருந்தது.

விற்பதற்கு முன் எதையும் இரட்டிப்பு வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அந்தக் கிழட்டுத் துப்பாக்கியால் கொல்லையில் மணல்மேட்டைக் குறிபார்த்துச் சுட்டான். அந்த நேரம் பார்த்து எர்சிலியா சமையலறையிலிருந்து, "பொலெந்தா ஆறுது, வந்து தொலை!" என்று கத்தினாள். குழாயிலிருந்து மெல்ல வெளியே வந்த குண்டு குரல் கேட்ட பக்கம் திரும்பியது. நாளுக்கு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

சுத்தியலால் அடித்தான், சுத்தியல் உடைந்தது. இரும்புத் தகட்டை நடுவில் வைத்தான், தகட்டில் ஓட்டை விழுந்தது. தானே குறுக்கே நின்றான், அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று. துப்பாக்கியை உருக்கியும் பயனில்லை. எர்சிலியாவைப் பெர்காமோவில் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பினான். மறுநாள் காலை அங்கேயும், அவளிடமிருந்து அதே தூரத்தில், குண்டு அந்தரத்தில் இருந்தது. அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள்.

"உன்ன மாதிரியேதான்டா உன் குண்டும். இவளக் கட்டிக்கிறியான்னு கேக்கவே நீ ஆறு வருஷம் இழுத்தவன்தான?" என்றான் முடிவெட்டும் கௌதென்சியோ. எர்சிலியா சிரித்தாள். பொர்தோலோ சிரிக்கவில்லை.

கடைசி வருடம் குண்டு கட்டிலில் அவர்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. ஒரு மே மாதக் காலையில் அவள் மார்பைத் தொட்டது.

"வலிக்குதா?"

"இல்ல. வெயில்ல கெடந்த சாவி மாதிரி சுடுது. நீ போய்ச் சாப்பிடு."

"எனக்கு வேணாம்."

"பட்டினி கெடந்து என்னத்தக் கிழிக்கப் போற? போ."

போய்ச் சாப்பிட்டான். அந்த வாரமே அவள் இறந்தாள். குண்டு முதுகு வழியாக வெளியே வரும்வரை பாதிரியார் அடக்கத்தைத் தள்ளிவைத்தார். பிறகு அது சுவரைத் துளைத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கியது. இப்போது பேருந்துச் சாலையின் நடுவில், கட்டில் உயரத்தில் இருக்கிறது. ஓட்டுநர்கள் கொஞ்சம் ஒதுங்கிப் போகிறார்கள்.