கழற்றி அகற்றினேன்

1

இடது கண்ணின் விலை நூற்றுக்கு முப்பது. இழப்பீட்டு அட்டவணையில் அச்சாகியிருக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே.

நான் துணிக்கடைத் தெருவில் வளர்ந்தவன். எந்தச் சரக்குக்கும் சொன்ன விலை, கேட்ட விலை, முடிந்த விலை என்று மூன்று உண்டு என்பதைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே கற்றுக்கொண்டேன். இந்தக் கண்ணுக்கு அட்டவணை சொன்ன விலை முப்பது. கம்பெனி முடித்த விலை பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தில் பிறந்ததுதான் இந்தக் கதை. கலைத் தாகத்தில் எழுதினேன் என்று நானே பின்னால் எங்காவது பேட்டி கொடுத்தால் நம்பாதீர்கள். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

கண் என் தங்கை கணவருடையது. அவர் செயின் மெக்கானிக். (கழுத்தில் போடும் செயின் இல்லை. மண் தோண்டும் இயந்திரங்களில் டயருக்குப் பதிலாக இரும்புத் தகடுகளைக் கோத்து ஓடுமே, அந்தச் செயின். கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டில் பாதிப் பேர் அவரை நகைக்கடை ஆள் என்றே நினைத்திருந்தோம்.)

2

முதல் தொடக்கம்: "மழை விட்டிருந்தது. சேற்றில் ஒரு யானையைப் போல அந்த இயந்திரம் —"

யானை வேண்டாம். பெரிய இயந்திரத்தைக் கண்டாலே யானையை அவிழ்த்துவிடும் பழக்கம் நம்மை விட்டுப் போகாது போலிருக்கிறது.

இரண்டாவது: "செயினும் தாம்பத்தியம் போலத்தான், அதிகம் இறுக்கினாலும் —"

தோளுக்குப் பின்னால் நின்று படித்த தங்கை சொன்னாள்: "கண்ணு போனது அவருக்கு. தத்துவம் உனக்கா அண்ணே?"

அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று விட்டும் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, அலங்காரமில்லாமல்: செயின் இறுகினால் தேயும். தொய்ந்தால் சக்கரத்தை விட்டு ஓடிவிடும். நடுவில் அது எத்தனை விரல் தொங்க வேண்டும் என்பதைப் பார்ப்பதே அவர் தொழில். மண் அள்ளும் இரும்பு வாளியைத் தரையில் ஊன்றி வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்வார். செயினை அந்தரத்தில் ஓடவிட்டு மண்ணை உதறுவார். ஒட்டியதைச் சுரண்டுவார். பிறகுதான் அளவுகோல். இறுக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் சிலிண்டரில் கிரீஸ் அடிப்பார். தளர்த்த வேண்டுமானால் அதன் வால்வை மெதுவாக ஒரு சுற்று திருப்பி கிரீஸைக் கசியவிடுவார். ஒரே ஒரு சுற்று. அதற்கு மேல் போனால் உள்ளிருக்கும் அழுத்தம் வால்வையே துப்பாக்கிக் குண்டாக்கிவிடும்.

3

அன்று செயினுக்குள் களிமண் புகுந்து காய்ந்து, செயின் கம்பி போல விறைத்திருந்தது. களிமண்ணை எடுத்தாலே பாதி இறுக்கம் போய்விடும்.

"ரெண்டு மணி நேரம் குடுங்க சார். மண்ண எடுத்துட்டுத்தான் வால்வுல கை வைக்கணும்" என்றார் இவர்.

"மண்ணு எடுக்கத்தான் வண்டி வாங்கியிருக்கு. வண்டிக்கே மண்ணு எடுக்கணுமா?" என்றார் சைட் மேனேஜர். தன் நகைச்சுவையைத் தானே ரசித்து முடித்துவிட்டு, "லூஸ் பண்ணி விடுய்யா, ஓடட்டும்."

"இந்த வால்வுல மரை தேஞ்சிருக்கு சார். புதுசு கேட்டு மூணு தடவ எழுதிக் குடுத்திருக்கேன்."

"நாலாவது தடவ எழுது. இப்ப லூஸ் பண்ணு."

இவர் வால்வுக்கு நேராக நிற்கவில்லை. பக்கவாட்டில்தான் நின்றார். ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். ஒரு சுற்று முடியும் முன்பே மரை பிய்த்துக்கொண்டது. பாய்ந்த வால்வு எதிரிலிருந்த தகட்டில் மோதித் திரும்பியது.

[இந்த இடத்தில் கண்ணைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. தங்கை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.]

4

மேனேஜர் என்ற பாத்திரத்தின் மீது எனக்கே சந்தேகம் உண்டு. கெட்டவனாக இவ்வளவு சுலபமாக வந்து நிற்கிறாரே என்று, அவருக்கு நோயாளித் தாய், அடைபடாத வீட்டுக்கடன் எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது: "மரை கழண்டது வால்வுக்கா, உங்க ஆளுக்கா?"

தாயையும் வீட்டுக்கடனையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனியின் கடிதம் வந்தது. வால்வு சேற்றில் தொலைந்துவிட்டதாம். ஆகவே தொழிலாளியின் வாக்குமூலமே சாட்சியாம். நான் உரக்க வாசித்தேன்: "'வால்வைக் கழற்றி அகற்றினேன்' என்று அவரே ஒப்புக்கொண்டிருப்பதால், விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே முழுக் காரணம்..."

கட்டுப் போட்ட முகத்தை இவர் நிமிர்த்தினார். "அகற்றினேனா? யாரு மச்சான் அப்படிச் சொன்னது?"

"நீங்க கழட்டினேன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை."

"கழட்டறதுன்னா ஒரு சுத்து. எடுக்கறதுன்னா எடுக்கறது. செருப்பக் கழட்டற மாதிரியா இது? அந்த வால்வ எவனாவது முழுசா எடுப்பானா? நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட எடுக்க மாட்டான்."

(சட்டையைக் கழற்றினால் சட்டை உடம்பில் இருக்காது. பட்டறையில் வால்வைக் கழட்டினால் வால்வு அங்கேயேதான் இருக்கும். அகராதி படித்தவனுக்கு இது தெரியாது. அந்த அகராதி படித்தவன் நான்.)

"எழுதினது யாரு?" என்று கேட்டாள் தங்கை. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது அவளுக்கு. உள்ளே போய்விட்டாள்.

5

நான்தான் எழுதினேன். உரிமம் பெற்ற மனு எழுத்தர் நான். பிழைப்புக்கு மனு, பேருக்குக் கதை.

ஆஸ்பத்திரி வராந்தாவில், மடியில் அட்டையை வைத்து எழுதினேன். அவர் முனகியது இவ்வளவுதான்: "வால்வக் கழட்டினேன் மச்சான். பிச்சிக்கிச்சு." எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. கழற்றி என்று எழுதியதும் பக்கத்தில் அகற்றி வந்து உட்கார்ந்தது. கழற்றி, அகற்றி. என்ன ஓசை! தலையை ஆட்டிக்கொண்டேன்கூட.

அதோடு போகவில்லை. அடியில் வழக்கமான வரி: "எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன்." நான் வாசித்துக் காட்டவில்லை. அவர் மருந்து மயக்கத்தில் இருந்தார். கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்தேன். கீழே என் முத்திரையைக் குத்தினேன்.

கம்பெனியைத் திட்டி மூன்று பகுதி எழுதிவிட்டேன். ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறப்போவதில்லை. ஆனால் அவர்கள் இவரை அடித்த கம்பு நான் சீவிக் கொடுத்தது.

6

முடிவு ஒன்று: மேனேஜர் வீட்டுக்கு வருகிறார். (இது உண்மையிலேயே நடந்தது.) "பாதி தர்றோம். பழைய வாக்குமூலம் அப்படியே இருக்கட்டும்."

பாதி என்ற சொல் காதில் விழுந்ததும் என் ரத்தம் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. "பாதியா? சார், நீங்க உள்ள வந்ததே பாதிக்கு மேலதான்" என்றேன். அவர் எழுந்தார், நான் எழவில்லை. அவர் வாசல் வரை போனார், நான் தண்ணீர் குடித்தேன். அவர் திரும்பி வந்தார். முக்கால் வரைக்கும் ஏற்றிவிட்டேன். அப்பா இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

"எத வித்துக்கிட்டு இருக்கீங்க மச்சான்?" என்றார் இவர், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடியே.

"முக்கால் மாப்பிள்ளை! கைமேல வருது!"

"அந்தக் காகிதம் இருக்கற வரைக்கும் நான் வால்வப் பிடுங்கின முட்டாள். இன்னொரு கண்ணு இருக்கு, கை இருக்கு. நான் வேலைக்குப் போகணும். எந்த சைட்ல உள்ள விடுவான்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். இவ்வளவு நேரம் சரக்கின் சொந்தக்காரனிடம் கேட்காமலேயே விலை பேசியிருக்கிறோம் என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. வெட்கப்பட்டது நான் மட்டும்.

முடிவு இரண்டு: செவ்வாய்க்கிழமை இழப்பீட்டு அதிகாரி முன் விசாரணை. வாக்குமூலத்தைத் திருத்த வேண்டுமென்றால், முதலில் எழுதியவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். சொல்லை நான் சேர்த்தேன், வாசித்துக் காட்டவில்லை, விரலைப் பிடித்து ஒற்றினேன் என்று. எழுதித் தந்தால் இவருக்கு முப்பதும் கிடைக்கலாம், தொழிலும் மிஞ்சலாம். என் உரிமம் போகும். வழக்கு வந்தாலும் வரும். அதிகாரி மனமிரங்கி என்னைக் கண்டித்து மட்டும் அனுப்புகிறார், தங்கை என்னை மன்னித்துவிடுகிறாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். எனக்கு நானே தள்ளுபடி கொடுத்துக்கொள்வது போலிருந்தது.

முடிவு மூன்று: செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல் —

சீ.

7

ஆகவே முடிவு எழுதவில்லை. அதற்குப் பதில் ஒன்று செய்திருக்கிறேன். ஐந்தாம் பகுதியை இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன், ஓர் எழுத்து மாற்றாமல். ஒன்று உங்கள் கையில் இருப்பது. மற்றொன்று முத்திரைத் தாளில், என் மேசையில். காலையில் அதை இவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன், இந்தத் தடவை விழித்திருந்தார். "மையில ஒற்றி எடுத்தேன்னு எதுக்கு மச்சான் இவ்வளவு அழகா?" என்றார். அந்த ஒரு வரிக்கு மட்டும் இருவரும் சிரித்தோம். தங்கை சிரிக்கவில்லை. பேனாவைக் கொண்டுவந்து தாளின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் கதைக்காரன், என் வாயால் எந்த முடிவைச் சொன்னாலும் அது ஓசைக்காகச் சொன்னதோ என்று உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை கதவு திறந்திருக்கும் விசாரணைதான். நீங்களே வந்து பாருங்கள். கணக்கு மட்டும் இதோ:

வால்வு திரும்பியது: ஒரு சுற்று, அதுவும் முழுசாக இல்லை.
நான் சேர்த்தது: ஒரு சொல்.
வாசித்துக் காட்டியது: அன்று இல்லை, இன்று ஒரு தடவை.
போனது: ஒரு கண்.
என் கையெழுத்து: பாக்கி.