திரைக்குக் கீழே தெரிந்த காலணிகள்

நடிகர் ஒர்லாந்தோ ஸ்பாத்தா வாயைத் திறந்து ஒரு காப்பி கேட்டார். அவ்வளவுதான், சதுக்கத்துக் கடையில் பேச்சு நின்றுவிட்டது.

கரடித் தாடி, கதவை அடைக்கும் தோள் எல்லாம் சினிமாவில் பார்த்தபடியே இருந்தன. குரல்தான் பூனைக்குட்டியுடையது. அதிலும் வெனிஸ் பக்கத்து இழுவை. கறிக்கடை இர்மா தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது அவரில்ல. டூப்பு. நம்ம மேயர் சல்லிசா யாரையோ புடிச்சிட்டு வந்திருக்காரு."

எங்கள் இத்தாலியப் படங்களில் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன, யார் அதை நினைத்துக்கொண்டு படம் பார்க்கிறார்கள்? போன கோடையில் ஓடிய படத்தில், மீன் லாரி ஓட்டும் இரண்டு கூட்டாளிகளை ஒரு துறைமுக ஊரே வரித்துறை ரகசிய அதிகாரிகள் என்று நினைத்துக்கொள்ளும். ஊரில் சிலர் கெஞ்சுவார்கள், சிலர் அடிக்க வருவார்கள். குண்டுக் கூட்டாளியாக வந்த ஸ்பாத்தா, அடிப்பதற்கு முன் நிதானமாக ஒரு வரி பேசுவார். அதற்குத்தான் விசில். அந்த மனிதரைத்தான் இப்போது எங்கள் மொந்தெருவோ ஊர் போலி என்று தீர்மானித்துவிட்டது. நாங்கள் பேண்டுக்காரர்கள் திருவிழா மேடையோரம் வரிசையில் நிற்பதற்குள் சேதி எங்களுக்கு வந்துவிட்டது.

மேயர் பெத்ராஞ்செலியின் முகம் வெளுத்திருந்தது. "கொமெந்தாத்தோரே" என்று பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். அன்று யாரோ "யோவ், மேயரு" என்று கத்தியதற்கே திரும்பினார். இன்று திராட்சைத் திருவிழாவில் ஸ்பாத்தாவுக்கு அவர் கையால் விருது, அடுத்த மாதம் அவருக்குத் தேர்தல்.

"என் குரல் இந்த ஊர்லதான் இருக்கு" என்றார் ஸ்பாத்தா கீச்சென்று. "அந்தா, குழாயடியில நிக்கிறாரே."

நின்றது குயிந்தோ. ஒல்லி, கண்ணாடி, முன்வழுக்கை. ரோமில் படங்களுக்குக் குரல் கொடுக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். மாமனார் அமில்கரே ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஸ்பாத்தா படம் ஒன்றுகூட விடமாட்டார். "ஆம்பளைன்னா இப்படிப் பேசணும்யா" என்று மருமகனைப் பார்த்தே சொல்வார். அது என் குரல்தான் மாமா என்று குயிந்தோ ஒருதரம் சொல்லிப் பார்த்தான். கிழவர் சிரித்த சிரிப்பில் மூக்கு வழியாக ஒயின் வந்தது. அதற்குப் பிறகு அந்த மேசையில் அவன் உப்பு கேட்பதோடு சரி.

"நீங்க திரைக்குப் பின்னால நின்னு பேசுங்க. அவர் வாயசைக்கட்டும்" என்றார் மேயர்.

"பேசுறேன், கொமெந்தாத்தோரே. முடிஞ்சதும் மேடையில என் பேர ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. என் மாமனார் முன்வரிசையில இருக்காரு."

"குரலுக்கு ஏதுப்பா பேரு?"

குயிந்தோ திரும்பி நடந்தான். ஸ்பாத்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நான் நானில்லங்கிறாங்க. கொஞ்சம் காப்பாத்துங்க." அந்தப் பூனைக்குரலுக்கு யாரால் மறுப்புச் சொல்ல முடியும்?

மேயர் பேசினார். சீசர்களைத் தொட்டு, ரோமானியச் சாலைகள் வழியாக, தன் காலத்தில் போட்ட சாக்கடைக்கு வந்து சேர்ந்தார். பிறகு ஸ்பாத்தா வாயசைக்க, குரல் இடியாக இறங்கியது. சதுக்கமே எழுந்து கைதட்டியது. இர்மாகூட. அமில்கரே பக்கத்து ஆளின் விலாவில் இடித்தார். "கேட்டியா? இதுய்யா குரல்!"

குரல் ஊருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி திராட்சைத் தட்டை நீட்டினாள். ஸ்பாத்தா ஒரு குலையை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். பசியா, வேண்டுமென்றேவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாய் நிறைய திராட்சை. குரலோ கம்பீரமாகப் போய்க்கொண்டே இருந்தது. மேயர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஸ்பாத்தா கொட்டையைத் துப்பிவிட்டு, மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார்.

பின்னால் இருந்தது திரை மட்டும். நகராட்சி வாங்கிய திரை, அதனால் ஒரு சாண் குட்டை. கீழே ஒரு ஜோடி பழுப்புக் காலணிகள். கல்யாணத்தன்று, "இதையாவது ஒழுங்காப் போட்டுக்க" என்று அமில்கரே மருமகனுக்கு வாங்கிக் கொடுத்தவை.

சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி முன்னால் வந்தது. அமில்கரேவிடம் வந்ததும் நின்றது. கிழவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து, மேடைப் படிகளை நோக்கி நடந்தார்.

திரைக்குப் பின்னால் இருந்தவனுக்கு எதுவும் தெரியவில்லை. குரல் பேசிக்கொண்டே இருந்தது. வலது காலணியின் நுனி மட்டும், மாமனார் வீட்டு மேசைக்கடியில் எப்போதும் செய்வதுபோல, இடது காலணியின் மேல் ஏறி ஒடுங்கி நின்றது.