டெக்கடன்ஸும் ஒரு கை குறைந்த ஆட்டமும்

உரோமாபுரியை விழுத்தியது காட்டுமிராண்டிகள் அல்ல, கடதாசிச் சீட்டு விளையாட்டு. வெள்ளவத்தையில், கலியாணமாகாத உத்தியோகத்தர்கள் கூடிச் சமைத்துக் குடியிருந்த வீட்டில், லத்தீன் படிப்பிக்கும் சவுந்தரநாயகம் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இதை அறிவித்தார். வீடு அவர் பெயரில் இருந்தபடியால் சரித்திரமும் அவர் சொன்னபடிதான் நடந்திருந்தது.

"டெக்கடன்ஸ் எண்டால் என்ன? 'டே' எண்டால் கீழை. 'காதேரே' எண்டால் விழுகிறது. காவோலை மாதிரி ஒரு சனமே விழுகிறது. முந்நூற்றுநாலு ஆடுற வீட்டிலை அதுதான் நடக்குது. ஐசே சின்னராசா, கடதாசிக் கட்டு உம்முடையது. பொழுதுபடமுன்னம் பெட்டியைக் கட்டும்."

சின்னராசாவுக்கு உச்சி கொதித்தது. அவன் புதுக்கடைக் கோட்டில் கிளாக்கர். கொலைகாரனுக்குக்கூட அங்கே மறுமொழி சொல்ல இடம் உண்டு. இங்கிருந்து போனால் கொட்டாஞ்சேனையில் சித்தப்பா வீட்டு விறாந்தைதான் கதி. அந்த விறாந்தையில் ஏற்கெனவே ஒரு ஆர்மோனியமும் அதைப் பழகும் சித்தப்பாவும் இருந்தார்கள்.

"நாலு பேர் ஆடினனாங்கள், மாஸ்டர். நான் மட்டுமோ விழுந்தனான்?"

"முதல் விழுகிறவன்தான் மற்றவையை இழுக்கிறவன்."

கூட ஆடிய மூவரில் செல்லையா முகட்டைப் பார்த்தான். கதிர்காமு நகம் கடித்தான். பக்கத்துக் கடை மீரா சாஹிப், பூட்டியிருந்த கடையைப் பார்த்துவர எழும்பிப் போனார்.

சின்னராசா மாஸ்டரின் அகராதியையே இழுத்துப் புரட்டினான்.

"இஞ்சை பாருங்கோ! ஆக்சிடென்ட், அதுவும் இந்தக் காதேரேதான். சான்ஸ், அதுவும் இதுதான். தாயம் விழுகிறதிலை இருந்து வந்ததாம். விழுகிறதெல்லாம் பாவமெண்டால், வாழைப்பழத்தோலிலை சறுக்கினவனும் பாவியோ?"

"பாத்தீரே! வேரிலேயே சூதாட்டம்!" என்றார் மாஸ்டர். கடதாசிக் கட்டை அடுப்பில் போடப் போவதாகச் சொல்லி மடிக்குள் செருகிக்கொண்டார்.

அதற்குமேல் நியாயம் கதைக்க என்ன இருக்கிறது? சின்னராசா பெட்டியைச் சுமந்துகொண்டு காலி வீதிக்குப் போய் ஒரு ரிக்ஷாவும் பிடித்துவிட்டான். ஏறக் கால் வைத்தவனுக்கு ஆத்திரம் திரும்பவும் பொங்கியது. வீடுதான் அவருடையது. கடதாசி என்னுடையதல்லவா? ரிக்ஷாக்காரனை அனுப்பிவிட்டு, கேட்கவேண்டிய நாலு கேள்வியை வழிநெடுகச் சொல்லிப் பார்த்தபடி திரும்பி வந்தான்.

வாசற்படியில் பெட்டியை வைத்தான். உள்ளே பாய் விரித்திருந்தது. செல்லையா, கதிர்காமு, மீரா சாஹிப். நாலாவது இடத்தில், சின்னராசாவின் தலையணைமேல், சவுந்தரநாயகம் மாஸ்டர்.

"வாங்க தம்பி," என்றார் மீரா சாஹிப். "கை ஒண்டு குறைஞ்சு போச்சு. மாஸ்டர்தான் பெரிய மனசு பண்ணினார்."

சின்னராசா நாலு கேள்வியில் முதலாவதற்கு வாயெடுத்தான். மாஸ்டர் தலை நிமிரவில்லை. ஒரு காலை மட்டும் நீட்டி, பெருவிரலைப் பெட்டியின் கைபிடியில் கொளுவி, மெல்ல உள்ளே இழுத்தார்.

பிறகு ஆட்டத்துக்குத் துரும்புக் கடதாசியைத் தெரிந்தெடுத்து, சத்தம் வராமல் கவிழ்த்து வைத்தார்.