ஓர் ஆள் அளவு

நைனா முகமது ராவுத்தர் மௌத்தாவதற்கு முன்னால் மகள் ஜீனத்துக்கென்று விட்டுப்போனது ஒரே ஒரு பித்தளைப் பாத்திரம். அது என்ன பாத்திரம் என்பதுதான் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

படி என்றால் நேராக நிற்க வேண்டும். இது மேலே போகப் போக விரிந்தது. தூக்கு என்றால் பிடி வேண்டும். இதற்கு ஒரு பக்கம் காது, எதிர்ப்பக்கம் மூக்கு. அண்ணன் நியாஸ் அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கொடுத்தான். ஜீனத்துகிட்ட குடுத்துரு என்று மட்டும் அத்தா சொன்னாராம். வீட்டுக்கு வா என்று அவள் கூப்பிட்டதற்கு, பஸ்ஸை விட்டுவிடுவேன் என்று கிளம்பிவிட்டான். கூடப் பிறந்தவன்தான், என்ன செய்வது!

ஜீனத் ராபினைக் கட்டிக்கொண்ட அன்றைக்கே அத்தா பேச்சை நிறுத்தினார். மனுஷன் நிறுத்தினால் நிறுத்தினதுதான். பிள்ளை பிறந்து தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றபோதும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மௌத்தான பிறகு மய்யித்தைப் பார்க்கத்தான் அவளால் அந்த வீட்டுப் படியேற முடிந்தது. ராபின் வீட்டுக்குப் போன பிறகும் அவள் ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை. அது அத்தாவுக்குத் தெரியுமா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

இப்போது இந்தப் பாத்திரம். மன்னிச்சுட்டேன் என்கிறாரா, தொலைந்து போ என்கிறாரா? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பூச்செடி வைக்கலாமே என்றான் ராபின். அவள் பார்த்த பார்வையில் கடைக்குக் கிளம்பிவிட்டான். பாத்திரக் கடைக்காரர் அரிசியை நிரப்பிக் கொட்டிப் பார்த்தார். ஒரு படிக்கு மேலே, இரண்டு படிக்குக் கீழே. கணக்குத் தெரியாதவன் எவனோ அடித்தது என்று திருப்பிக் கொடுத்தார்.

அண்ணன் மனைவி ருக்ஸாரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று, நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் பாத்திரத்தை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். பேகம்பூர் தெருமுனையில், வீடு வீடாக வாங்கிச் சாப்பிடும் காதர் பீவி கூடையைப் பார்த்துவிட்டு வழிமறித்தாள்.

"நீ நைனா மகதான? இது எனக்கு அரிசி போடுற ஏனமுல்ல. வருசா வருசம் இதுலதான் ராவுத்தரு போடுவாரு."

ஜீனத் கூடையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிச்சை அளந்த ஏனமா? இத்தனை வருஷம் பேசாமல் இருந்து, கடைசியில் சொல்லிவிட்டுப் போன வார்த்தை இதுதானா? விறுவிறுவென்று போய் அண்ணன் முன்னால் அதை ணங்கென்று வைத்தாள். நான் பிச்சையெடுத்துத்தான் சாப்பிடுவேன் என்று அத்தா நினைத்தாரா என்று கேட்டாள். நியாஸ் பேந்தப் பேந்த விழித்தான்.

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த ருக்ஸார் பாத்திரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இதை ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று முதலில் புருஷனுக்கு ஒரு டோஸ் விட்டாள். பிறகு ஜீனத்தைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இது பித்ரா அளக்குற ஏனம், ஜீனத். நீ போன பெறகு மாமாவே அளவு சொல்லி அடிச்சது. அவுக பீரோவுல பூட்டி வச்சிருப்பாக."

பெருநாள் தொழுகைக்கு முன்னால் வீட்டில் தலைக்கு இவ்வளவு என்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டிய தானியம்தான் பித்ரா. அந்த வீட்டில் அதை எப்போதும் பணமாகப் பள்ளிவாசலில் கட்டிவிடுவார்கள் என்று ஜீனத்துக்கும் தெரியும். பின்னே இது யாருக்கு என்றாள்.

"நானும் கேட்டேன். வீட்டுல எல்லாருக்கும் கட்டியாச்சே மாமா, இந்த ஒரு அளவு யாருக்குன்னு. அவுக மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. 'அவளுக்கு அந்த வீட்டுல யாரு அளப்பா?'ன்னாக."

ஜீனத் பாத்திரத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவள் வாசலில் பிள்ளையோடு நின்றபோது எழுந்து உள்ளே போன மனுஷன், அந்த வருஷமும் இதில்தான் அளந்திருக்கிறார். நியாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செத்த நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மதினி, அரிசி எடுங்க என்றாள். ருக்ஸார் அரிசி மூட்டையை அவிழ்த்தாள். ஜீனத் தலைவழிய அள்ளி, விளிம்போடு உள்ளங்கையால் தடவிச் சமமாக்கினாள்.

நியாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "யாருக்கு அளக்குற? அத்தாவுக்கா? மௌத்தானவகளுக்குப் பித்ரா கெடையாதும்மா."

"ஓடிப்போன மகளுக்கும்தாண்ணே கெடையாது."

நியாஸ் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டான். பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த காதர் பீவி முந்தானையை விரித்துப் பிடித்தாள்.