கழுத்துக்குக் கீழே

ராயப்பேட்டை மர்சலின் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனபோதெல்லாம் தலை மட்டும்தான் போயிற்று. உடம்பு வீட்டிலேயே இருந்து துணி துவைத்தது, அரிசி களைந்தது. கணவன் லாய்ட் ஒயர் கூடையில் துண்டு விரித்துத் தலையை வைத்துத் தி.நகர் பஸ்ஸில் கொண்டு போவான். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டை மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுப்பார். திரும்பி வந்ததும் பொருத்திக்கொள்வாள். கிளினிக்கில் எல்லார் மடியிலும் தலைகள்தான். டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் தலையைத்தான் கேட்டிருந்தார். மற்றதெல்லாம் இடத்தை அடைக்கும் என்பது அவர் கணக்கு. அவசரக்காரரே தவிரக் கெட்டவர் இல்லை.

அவர் கொடுத்த மாத்திரை வேலை செய்தது. வருடக்கணக்காக அவளைத் திட்டிக்கொண்டிருந்த குரல்கள் வாயை மூடின. அதற்காக மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஞாயிறு பூசையில் கீபோர்டு வாசிப்பவள். அதுதான் அவள் உயிர். இப்போது கறுப்புக் கட்டைக்குப் போன விரல் வெள்ளைக் கட்டையில் விழுந்தது. பாடகர் குழு தடுமாறியது. வேறு ஆள் பார்க்கலாமா என்று பங்குக் குருவும் நாசூக்காகக் கேட்டுவிட்டார்.

"கை நடுங்குது டாக்டர்" என்றது தலை. டாக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "கையா? எந்தக் கை?" என்றார். பழைய மாத்திரையையே எழுதினார். இப்படியே ஒரு வருடம் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை லாய்ட் கூடையோடு வந்தபோது தலை கழலவில்லை.

"டாக்டர் தலையத்தானே கேட்டாரு?"

"மாத்திர இன்னா தலைக்குள்ளயா போவுது? வயித்துக்குத்தான போவுது? எல்லாம் சேந்துதான் வரும். நட."

அவள் முழுசாக நுழைந்ததைப் பார்த்ததும், காத்திருந்த தலைகள் கூட வந்தவர்களை வீட்டுக்குப் போன் போடச் சொல்லி அவரவர் உடம்பை வரவழைத்தன. உஸ்மான் ரோட்டில் தலையில்லாத உடம்புகள் நைட்டியிலும் லுங்கியிலும் வரிசையாக வந்தன. டிராஃபிக் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

மர்சலின் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். டம்ளரில் தண்ணீர் தளும்பியது.

"மாத்திரைய நிறுத்தச் சொல்லல டாக்டர். என்னைய முழுசாப் பாத்துட்டு எழுதுங்க. அதுவரிக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

டாக்டருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சாப்பாடு, மாதவிலக்கு, வீட்டுச் சண்டை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். "இந்தக் கையால என்ன பண்ணுவீங்க?" என்று முதல்முறையாகக் கேட்டார். சொன்னாள். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், மருந்தின் அளவைக் குறைத்தார், சீக்கிரமே மறுபடி வரச் சொன்னார்.

குரல்கள் திரும்பவில்லை. நடுக்கம் அடியோடு போகவில்லை; வாசிக்கிற அளவுக்குப் போயிற்று. அடுத்த முறை டாக்டர் தூக்கத்தை விசாரிக்கும் முன்னாலேயே, "ஞாயித்துக்கிழமை என்ன வாசிச்சீங்க?" என்றார். அவள் மேசை விளிம்பில் விரல்களை ஓட்டினாள். மேசை பாடியது. நேரமாகிறது என்று வெளியே முணுமுணுத்தார்கள். கடைசிச் சரணத்தையும் வாசித்துவிட்டுத்தான் மர்சலின் எழுந்தாள்.