பதினோராம் கட்டம்

நைனா அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்துத் தெருவில் போட்டுவிட்டுத் தலை முழுகப் போயிருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது ஒரு துண்டுதான் மிச்சம். சாக்கடை ஓரம் நனைந்து கிடந்தது. அதில் 'நீலாஞ்' என்பது வரை படிக்க முடிந்தது. மற்ற மூன்றையும் காற்று எங்கேயோ கொண்டுபோய்விட்டது.

என் மனைவி இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. தொண்டூரில், அவள் அப்பா வீட்டில், நான்கு நாள் காய்ச்சலில் போனாள். அந்தக் காகிதம் அவளுடைய இறப்புப் பதிவின் நகல். ஊர் மணியக்காரர் எழுதிக் கொடுத்தது. கனடாவுக்குக் குடியேற நான் போட்ட மனுவோடு அதை இணைக்க வேண்டும். எல்லாக் காகிதங்களும் ஆகஸ்ட் முப்பதுக்குள் டெல்லி அலுவலகத்துக்கு வந்து சேராவிட்டால் மனு முடித்து வைக்கப்படும் என்று கடிதம் வந்திருந்தது. அன்று தேதி இருபத்திரண்டு. செஞ்சியிலிருந்து ரிஜிஸ்தர் தபால் டெல்லி போக ஐந்து நாள் ஆகும்.

நைனா ஈரத் தலையோடு வந்தார்.

"ஏன் நைனா கிழிச்சீங்க?"

"சாவுக் காயிதத்த ஊட்ல வெப்பாங்களாடா? படிச்சமா, கிழிச்சி வெளிய போட்டமான்னு இருக்கணும். நீ இன்னாடான்னா சாமி அலமாரில வெச்சிருக்கிற."

"அது லெட்டர் இல்ல. சர்க்கார் நகல்."

"சர்க்கார் எழுதினா சாவு இல்லன்னு ஆயிடுமா?"

தவறு என்னுடையதும்தான். வீட்டில் கரையான் ஏறாத இடம் அந்த அலமாரி ஒன்று. அதனால் தீர்த்தங்கரர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். சாவுச் செய்தி கொண்டுவந்த கடிதத்தைப் படித்ததும் கிழித்து எறிவது இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளது. நானே எத்தனையோ கிழித்திருக்கிறேன்.

பஜாரில் டைப் அடிக்கும் கன்னியப்பனிடம் போனேன். மனுவை அவன்தான் அடித்துக் கொடுத்திருந்தான்; அது பெயர், படிப்பு, வேலை மட்டும் கேட்ட ஒரு பக்கம், குடும்ப விவரப் படிவம் இனிதான் போக வேண்டும். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கா சார் மூஞ்ச இப்டி வெச்சினுகிறீங்க? கல்யாணம் ஆகாதவர்னு அடிச்சுடறேன். பொண்டாட்டி இல்லன்னா சாவு நகல் எதுக்கு?"

"குழந்தை இருக்கே."

"கல்யாணம் ஆகாதவருக்கு ஏது சார் கொழந்த? கனடாக்காரன் தொண்டூர் வந்து ஊடு ஊடா கேக்கப் போறானா? நீங்க மொதல்ல போய்ச் சேருங்க."

புதிய படிவத்தைச் சுற்றிக் கடகடவென்று அடித்தான். ஏழாம் கட்டத்தில், மணம் ஆகவில்லை. பதினோராம் கட்டம் பிள்ளைகளுக்கு உரியது. கூட வந்தாலும் வராவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுத வேண்டும் என்று போட்டிருந்தது. அதில் 'இல்லை' என்று அடித்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"கையெழுத்துப் போடுங்க சார்."

பேனாவை எடுத்தேன். லீலாவதிக்கு இரண்டரை வயது. தாத்தா வீட்டில் இருக்கிறாள். சென்ற முறை நான் போனபோது, யாரு வந்திருக்கிறது என்று அவளைக் கேட்டார்கள். "செஞ்சி வாத்தியாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கட்டத்தில் இல்லை என்று எழுதிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் அவளை என் மகள் என்று சொல்லி அங்கே அழைக்க முடியாது. ஒன்பது மாதமாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சுடுகாட்டில்கூட அழவில்லை. அந்த டைப் மேஜைக்கு முன்னால் உறைத்தது. பேனாவை மூடினேன். அந்தப் படிவத்தையும் வெற்றுப் படிவம் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ராஜகிரி மலை மேல் வெயில் ஏறுவதற்குள் சைக்கிளில் கிளம்பினேன். மாமனார் கண்ணில் படாமல் நகலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். கனடா விஷயம் அவருக்குத் தெரியாது. அவர் வீடு மணியக்காரர் வீட்டிலிருந்து நான்காவது.

மணியக்காரர் அஜிததாஸ் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"போன மாசம்தான ஒண்ணு எழுதிக் குடுத்தேன் வாத்தியாரே? அத இன்னா பண்ண, பஜ்ஜி மடிச்சியா?"

"தொலைஞ்சு போச்சுங்க."

"ஓகோ. ரெண்டாவது நகல்னா ரெண்டாவது பொண்ணா? செய்யி, செய்யி. வயசு இருக்குது."

"அதெல்லாம் இல்லைங்க. வெளிநாட்டு மனுவுக்கு. கனடா. கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"கனடாவா!" என்றார். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவள் பெயர் ஒரு கன்றுக்குட்டிச் சண்டை பற்றிய புகார்ச் சீட்டுக்குக் கீழே இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். முடித்து மை காய்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. மாமனார் ஜீவரத்தினம். தோளில் லீலாவதி.

"கனடாவாமே மாப்ளே. போ. வேணாங்கல. புள்ளய எழுதினியா அதுல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படி அடித்த படிவமும் பையில் இருந்தது.

"எழுதப் போறேன் மாமா."

"எழுதாத."

அவர் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"எழுதினா ஒருநாள் வந்து தூக்கினு பூடுவ. எம்பொண்ணக் குடுத்தேன். நானே கொள்ளி வெக்கற மாதிரி ஆச்சு. உன்ன ஒரு வார்த்த கேட்டனா? இது ஒண்ணு எங்கிட்ட இருக்குதேன்னுதான் கேக்கல."

"மனுவுக்கு லீலாவதி போட்டோ ஒண்ணு வேணும் மாமா. செஞ்சி ஸ்டுடியோவுக்கு ஒரு மணி நேரம்..."

"புள்ள வராது."

திரும்பி நடந்தார். தோளுக்கு மேலாக லீலாவதி என்னையே பார்த்துக்கொண்டு போனாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மணியக்காரர் மையை ஊதி நகலை நீட்டினார். "வெச்சிக்கோ. பத்தரம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அந்த நகலை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தாசில்தார் ஆபீசில் சான்றொப்பம் வாங்கி நேராகக் கன்னியப்பன் கடையில் வைத்தேன். வெற்றுப் படிவத்தைக் கொடுத்து மறுபடியும் அடிக்கச் சொன்னேன். மனைவியை இழந்தவர். மகள் ஒருத்தி. "உங்க தலையெழுத்து சார்" என்று சொல்லிக்கொண்டே அடித்தான். முதலில் அடித்ததை அவன் முன்னாலேயே கிழித்தேன்.

போட்டோ பாக்கி இருந்தது. சென்ற தீபாவளிக்கு மூன்று பேரும் எடுத்துக்கொண்ட படம் ஒன்று பெட்டியில் இருந்தது. நாற்காலியில் நீலாஞ்சனா, மடியில் லீலாவதி, பின்னால் நான். படத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று குறிப்பில் எழுதியிருந்தது. சாயங்காலம் ஜன்னல் வெளிச்சத்தில் பிளேடும் அளவுகோலும் வைத்து வெட்டினேன். முதலில் என்னை. பிறகு அவள் முகம், தோள். அப்புறம் பிளேடு நின்றது. குழந்தை நழுவாதபடி அதன் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்த அம்மாவின் கை. நான்கு விரல்கள். அதை எடுத்தால் குழந்தையின் வயிறும் சேர்ந்து போகும்.

"பொழுது சாயுது. சாப்ட வா" என்று கூப்பிட வந்த நைனா என் பின்னால் நின்றார். குனிந்து படத்தைப் பார்த்தார்.

"கைய வெட்டாதடா" என்றார். பிறகு உள்ளே போய் எனக்கு இலை போட்டார்.

சனிக்கிழமை காலை தபால் ஆபீசில் முதல் ஆளாக நின்றேன். உறையைத் தராசில் வைத்தார்கள். எடை போட்டு, தபால்தலை ஒட்டி, ஒப்புகை அட்டையைக் கட்டினார்கள். நீல நிறத்தில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுச் சாக்குப் பையில் எறிந்தார்கள். ரசீதைச் சட்டைப் பையில் போட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முப்பதுக்குள் போய்விடும். யாரோ ஒருவர் உறையைப் பிரித்து அந்த நான்கு விரல்களைப் பார்ப்பார். அதற்காகவே திருப்பி அனுப்பலாம். பிள்ளை இருக்கிறது என்பதற்காக மறுக்கலாம். அப்படி நடந்தால் பத்தாம் வகுப்புக்கு வெப்பவியல் நடத்திக்கொண்டு இங்கேயே இருப்பேன்.

சரி என்று வந்துவிட்டால், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் தொண்டூருக்கு சைக்கிளில் போக வேண்டும்.