ஒன்பது பல்லிக்கும் ஒரு வெக்கை அலுமாரி

என் கூட்டாளி மகேசன் ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவன். நகரோரம் ஹவுகெட்டோவில் அவன் வீட்டில் ஒன்பது பல்லிகள் வாடகை கொடுக்காமல் இருந்தன. மகள் ராகவி வடக்கே வேலை கிடைத்துப் போகும்போது, "அப்பா, ரெண்டே ரெண்டுதான், கொஞ்ச நாளைக்குப் பாருங்கோ" என்று விட்டுப்போனவை. அவள் அங்கே வீடு தேடி முடிக்கும் முன் இவை இங்கே குடும்பமாகிவிட்டன.

சுவரில் ஓடுகிற எங்கள் ஊர்ப் பல்லி இல்லை. சிறுத்தைப் புள்ளி, தடித்த வால், தரையில் நடந்து இமை வெட்டிப் பார்க்கிற இனம். வாயைத் திறந்து சத்தம் போடுவதும் மிக அரிது. வயிற்றுக்குக் கீழே சூடு இருந்தால்தான் தின்றது செமிக்கும். ஆகவே ஆளுக்கொரு கண்ணாடித் தொட்டி, தொட்டிக்கொரு சூட்டு விளக்கு. கரண்ட் பில் வந்த அன்று மகேசனின் மனைவி வசந்தமலர் என்னைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"அண்ணை, ஊரிலை விளக்குமாத்தாலை கலைச்ச சாமானுக்கு இந்தாள் இஞ்சை ஹீட்டர் போட்டுக் குடுக்குது. தைப்பொங்கலுக்கு முதல் இதுகள் வெளியிலை போகவேணும். உங்கடை கூட்டாளிக்கு நீங்களே விளங்கப்படுத்துங்கோ."

மகேசன் வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்ற முன் ஒவ்வொரு தொட்டியாக எட்டிப் பார்க்கிறவன். அவனுக்கு எதை விளங்கப்படுத்துவது?

"செலவையும் இடத்தையும் குறைச்சா மலர் இறங்கி வருவாள் மச்சான்," என்றான். அதற்கு அவன் கண்ட வழி அடுக்கு. புத்தக அலுமாரி மாதிரி ஒரு மரச்சட்டம். இழுத்து மூடுகிற லாச்சி லாச்சியாகப் பிளாஸ்டிக் பெட்டிகள். பின்பக்கத்தால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே சூட்டு நாடா. சூட்டை அளந்து, குறைந்தால் போட்டு, கூடினால் நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட்.

லில்லெஸ்ட்ரோமில் எலியாஸ் என்ற வெள்ளைக்காரப் பெடியன் பழைய அடுக்கொன்று விற்பதாக விளம்பரம் போட்டிருந்தான். எங்கள் ஆட்கள் கார் வாங்கினாலும் கட்டில் வாங்கினாலும் பேரத்துக்கு என்னைத்தான் கூட்டிப்போவார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் யாழ்ப்பாணம் பெரியகடையில் புடவை விற்றவர்கள். சொன்ன விலைக்கு வாங்குகிறவனைப் பார்த்தால் எங்களுக்கு இரக்கம் வரும்.

நான் முறைப்படி தொடங்கினேன். மரம் உளுத்தது என்றேன். பெட்டி மங்கல் என்றேன். இன்னோர் இடத்தில் இதைவிட மலிவு என்றேன்.

"அப்படியா? அது நல்ல விலை. அங்கேயே வாங்குங்கள்," என்றான் எலியாஸ், மனப்பூர்வமாக.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "சரி, நாங்கள் போறம்" என்று எழும்பி, மெதுவாக, மிக மெதுவாக வாசலுக்கு நடந்தேன். பெரியகடையில் என்றால் படி இறங்க முன் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். எலியாஸ் கதவைத் திறந்து பிடித்து, "ஐஸ் வழுக்கும், கவனம்" என்று சொல்லிச் சாத்திக்கொண்டான்.

பஸ் தரிப்பில் நின்றோம். பனி கொட்டியது.

"கூப்பிடுவானோ?" என்றான் மகேசன்.

"பொறு. ஜாக்கெட் தேடிக்கொண்டு நிப்பான்."

பஸ் வந்தது, போனது. கால்விரல் மரத்த பிறகு நாங்களாகவே திரும்பிப் போய் மணி அடித்தோம். எலியாஸ் ஆச்சரியப்படவுமில்லை, விலையை இறக்கவுமில்லை. "தெர்மோஸ்டாட் வேண்டாமென்றால் குறைத்துத் தரலாம். ஆனால் அதுதான் இதிலேயே நல்ல சாமான்," என்றான். குறைத்துத் தரலாம் என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. அடுக்கைக் கழற்றிக் கட்டி ஏற்றிய ரயில் நெடுகிலும் என் வெற்றியைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தேன்.

எலியாசிடம் விட்டுவந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாக மகேசன் இணையத்தில் இருப்பதற்குள் மலிவானதைப் பார்த்து எடுத்தான். வேலை செய்தது. ஒரே ஒரு குணம், சூடு குறைந்து மறுபடி போடும்போது "டிக், டிக்" என்று உரத்துச் சொல்லும்.

பொங்கலுக்குக் கிட்ட ஒருநாள் மலர் சோபாவில் இருந்து தங்கச்சியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். "இந்த வருசத்துக்குள்ளை ராகவிக்கு ஒரு நல்ல இடம் பொருந்தும்" என்று அவள் சொல்லி வாய் மூட, அடுக்குக்குள் இருந்து டிக், டிக்.

மலர் மேசையில் விரலால் மூன்று தரம் தட்டினாள். "பல்லி சொல்லீட்டுது!"

மகேசன் என்னைப் பார்த்தான். நான் யன்னலால் பனியைப் பார்த்தேன். வாங்குகிறவன் தானாகச் சாமானைப் புகழும்போது குறுக்கே கதைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் படிப்பு.

பொங்கல் வந்தது. பல்லிகள் போகவில்லை. மூலையில் கிடந்த அடுக்கு பலன் சொல்லத் தோதான திசை பார்த்துக் கூடத்துக்கு வந்தது. உச்சியில் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று. பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இஞ்சினியர்மார், கணக்காளர்மார், ஆஸ்பத்திரியில் பெரிய வேலையில் இருக்கிறவர்கள். எல்லாரும் "எங்களுக்கு இதிலை நம்பிக்கை இல்லை, சும்மா பாப்பமெண்டு வந்தனாங்கள்" என்று சொல்லி, அடுக்குக்கு நேரே வசதியாகக் கதிரையை இழுத்துப் போட்டார்கள்.

மாசி மாதம் ஒருநாள் மகேசன் எனக்குப் போன் எடுத்தான். "மச்சான், ஓடி வா."

டிக் சத்தம் போடுகிற பகுதி ஒட்டிக்கொண்டு, நாடா நிற்காமல் சுட்டிருக்கிறது. பெட்டிகளுக்குள் தொட முடியாத வெக்கை. பல்லிகள் அதனதன் பெட்டி மூலையில் ஒதுங்கி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. வயரைப் பிடுங்கி ஆறவிட்ட பிறகு ஒவ்வொன்றாக அசைந்தன. ஒன்பதும் தப்பிவிட்டன. மகேசன்தான் நிலத்தில் இருந்தபடி எழும்பவில்லை.

"எலியாசிட்டை இருக்கிற நல்லதை வாங்குவம்," என்றேன். "இந்த முறை நான் வாயே திறக்கமாட்டன்."

"அது சத்தம் போடாதாமடா. பல்லி ஊமையெண்டு தெரிஞ்சா அடுத்த நாளே மலர் எல்லாத்தையும் வெளியிலை அனுப்பிப்போடுவாள். இதை வைச்சா செத்துப்போங்கள், அதை வைச்சா வீடில்லை. நான் என்ன செய்ய?"

ஒவ்வொரு லாச்சியாகச் சாத்தினான். பிறகு எழும்பிக் குசினிக்குள் போனான். நானும் பின்னால் போனேன்.

"மலர், உமக்கு ஒண்டு சொல்லவேணும். சொன்னது பல்லி இல்லை. மெசின்."

மலர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஓம், தெரியும்."

"என்ன, தெரியுமோ?"

"முதல் ரெண்டு கிழமைதான் தெரியாது. பிறகு பாத்தனான், பால்கனிக் கதவைத் துறந்தாச் சொல்லுது. பூட்டினாப் பேசாமல் கிடக்குது. வந்த சனத்துக்குப் பலன் ஆர் சொன்னதெண்டு நினைக்கிறியள்? நான்தான்." கத்தியால் என்னைக் காட்டினாள். "அண்ணைக்கும் தெரியும். வியாபாரியெல்லே, வாய் துறக்கேல்லை."

மகேசன் சுவரில் சாய்ந்தான். "அப்ப பல்லியளை..."

"அதுகள் என்ன பாவம் செய்ததுகள்? நல்ல மெசினை வாங்கி அதுகளுக்குப் பூட்டுங்கோ. ஒட்டின பழசையும் திருத்தி, சும்மா ஒரு பல்பிலை கொழுவி, மேல் தட்டிலை வையுங்கோ. அதின்ரை சூடு பாக்கிற வயர் நுனி மட்டும் பால்கனிக் கதவடியிலை இருக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை சோதிலிங்கம் வந்தார். அவர் எல்லாச் சனிக்கிழமையும் வருவார். மத்தியானம் வந்தால் இருட்டிய பிறகும் தன் மூட்டுவலியின் வரலாற்றை முடிக்கமாட்டார். அன்று அடுக்குக்கு நேரே இருந்து தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இதிலையெல்லாம் நம்பிக்கை இல்லை, பிள்ளை. லில்லெஸ்ட்ரோமிலை ஒரு வீடு பாத்திருக்கிறன். இந்தப் பக்கத்தை விட்டுத் தூரப் போறதோ எண்டுதான் யோசனை."

"ஐயோ, நீங்கள் போனா எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று மலர் எழும்பினாள். "என்ன புழுக்கமப்பா," என்று சொல்லிப் பால்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டாள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினாறு பாகை குளிர்.

டிக், டிக்.

சோதிலிங்கம் மேசையில் தட்டினார். முகம் மலர்ந்துபோயிற்று. "சொல்லீட்டுது! அப்ப பிள்ளை, பாங்க் கடனும் தரும் என்ன? அதையும் ஒருக்கால் கேப்பம்."

மலர் கதவைச் சாத்தினாள்.

"ஒரு நாளைக்கு ஒண்டுதான் ஐயா. கனக்கக் கேட்டா அதுகளுக்குக் களைச்சுப் போகும்."

கீழே ஒன்பது லாச்சிகளிலும் பல்லிகள் சூட்டு நாடாவில் வயிற்றை வைத்து நித்திரை. மகேசன் ஒவ்வொன்றுக்கும் தண்ணி மாற்றிக்கொண்டிருந்தான்.